வேர்க்கடலை சாஸ்: வறுப்பையும் வதக்கலையும் குறிப்பில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குச்சியில் கோத்துத் தணலில் சுட்ட இறைச்சியான சாத்தேயோடும், வேகவைத்த காய்கறிக் கலவையான காடோ காடோவோடும் பரிமாறும் வேர்க்கடலை சாஸுக்கான குறிப்புகள் நாளிதழ்களின் சமையல் பக்கங்களில் அவ்வப்போது வருகின்றன. பெரும்பாலும் நான்கே வரிகள்: வறுத்த கடலையை அரைக்கவும், தேங்காய்ப்பால் சேர்க்கவும், மிளகாய்த்தூளும் சர்க்கரையும் போடவும், கொதித்ததும் இறக்கவும். இதைப் பார்த்துச் செய்பவருக்குத் தேங்காய்ப்பாலில் கரைந்த கடலைப்பொடிதான் கிடைக்கும். இந்த சாஸின் ருசி இரண்டு இடங்களில் உருவாகிறது. ஒன்று, கடலையின் வறுப்பு. இன்னொன்று, மசாலா விழுதை எண்ணெயில் வதக்குவது. இந்த இரண்டுக்கும் நேரம், அளவு, அடையாளம் எதுவும் சொல்லாத குறிப்பை நம்பி யாரும் அடுப்பைப் பற்றவைக்க முடியாது. அந்த இரண்டையும் விரிவாக எழுதி அனுப்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இதை ஜாவாவின் தொன்மையான சமையல் என்று எழுதுகிறார்கள். வேர்க்கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துகீசிய, ஸ்பானியக் கப்பல்கள் 16ஆம் நூற்றாண்டில் கிழக்கே கொண்டுவந்த பிறகே அவை தென்கிழக்காசிய அடுக்களைக்குள் நுழைந்தன. இந்த சாஸின் வயது அதற்கு உட்பட்டதுதான்.

ஆறு பேருக்குப் போதுமான, ஏறத்தாழ 800 கிராம் சாஸுக்கு எடுக்க வேண்டியவை: தோல் நீக்கிய பச்சை வேர்க்கடலை 200 கிராம், காய்ந்த மிளகாய் 10 கிராம் (நீளமானதாக இருந்தால் 10 முதல் 12 வரை வரும்), உரித்த சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 3 பல், எலுமிச்சைப்புல்லின் வெள்ளைத் தண்டு 2, லெங்குவாஸ் என்று மலாயில் சொல்லும் பேரரத்தை 12 கிராம், மல்லி ஒரு மேசைக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 80 மில்லி, புளி 20 கிராம், பனை வெல்லம் அல்லது குலா மலாக்கா 50 கிராம், உப்பு 7 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி, தண்ணீர் 350 மில்லி. பெலாச்சான் எனும் இறால் விழுது சேர்ப்பவர்கள் ஒரு தேக்கரண்டி எடுத்து வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் சுட்டுக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்த்தால் உப்பை 5 கிராமில் தொடங்குவது நல்லது. சைவமாகச் செய்பவர்கள் அதற்குப் பதிலாகப் புளிக்கவைத்த சோயா விழுது இரண்டு தேக்கரண்டி சேர்க்கலாம். அதுவும் உப்பு மிகுந்த பொருளே.

கடலையை எடைபோட்டதும் ஒரு தட்டில் பரப்பி நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சுருங்கியது, கருத்தது, பச்சைப் பூசணம் படிந்தது, கடித்தால் கசப்பது என எதுவும் உள்ளே போகக் கூடாது. ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகிறது. அது கல்லீரல் புற்றுநோயோடு நேரடித் தொடர்புள்ள நச்சு. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஏராளமாக மடிந்தபோதுதான் இதன் இருப்பே தெரியவந்தது. வறுத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். வீட்டு அடுப்பின் சூடு அதைக் குறைக்குமே தவிர முழுமையாக அழிக்காது. ஒரு பொட்டலத்தில் பூசணம் பரவலாகத் தெரிந்தால் பொறுக்கி எடுத்துச் சமாளிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். நல்ல கடலையையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் எண்ணெய்ச் சிக்கு நாற்றம் ஏறாது. கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அதனால்தான் வெயிலும் காற்றும் பட்டால் அது இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது.

வறுப்பதற்கு ஓவன் இருந்தால் 160 டிகிரி செல்சியஸில், ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, 18 முதல் 22 நிமிடம். அடுப்பில் என்றால் அடி கனத்த சட்டியில் மிதமான தீக்குக் கீழே வைத்து 12 முதல் 15 நிமிடம் கைவிடாமல் கிளற வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே கரும்புள்ளி விழும், உள்ளே பச்சையாகவே இருக்கும். மேல் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு கடலையை இரண்டாகப் பிளந்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளை மாறி உள்ளும் இளம் பழுப்பு ஆகியிருந்தால் வறுப்பு சரி. நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே இறக்கி, வேறு தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். இறக்கிய பிறகும் உள்ளிருக்கும் சூட்டில் கடலை வறுபட்டுக்கொண்டே இருக்கும். சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்து "இன்னும் மொறுமொறுப்பு வரவில்லை" என்று மேலும் வறுப்பவர்கள்தான் பெரும்பாலும் கருக்கிவிடுகிறார்கள். மொறுமொறுப்பு ஆறிய பிறகே வரும்.

ஜாவாவில் கடலையை வறுப்பதைவிட எண்ணெயில் பொரிப்பதே அதிகம். 150 முதல் 160 டிகிரி எண்ணெயில் ஐந்தாறு நிமிடம் போதும். பொரித்த கடலையில் சாஸ் சற்றுக் கனமாகவும் மணம் கூடுதலாகவும் அமையும். தோலோடு பொரிப்பதும் அங்கே வழக்கம். தோலில் உள்ள துவர்ப்பு லேசான கசப்பாக மாறுவதால், முதல்முறை செய்பவர்கள் தோலை நீக்கிவிடுவதே மேல். உப்புப் போட்டுப் பொட்டலமாக விற்கும் வறுத்த கடலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் உப்பு எவ்வளவு என்பது நம் கையில் இல்லை. வறுத்து எத்தனை மாதம் ஆனது என்பதும் தெரியாது.

கடலை முழுதாக ஆறிய பிறகு மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி, பெரிய ரவையின் பருமனுக்குப் பொடிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கை முன்னதாகவே எடுத்து, இன்னும் கொரகொரப்பாக வைத்துக்கொண்டால் சாஸில் பல்லுக்கு வேலை இருக்கும். தொடர்ந்து ஓட்டினால் பிளேடின் சூட்டில் எண்ணெய் வெளியேறிப் பொடி விழுதாகிவிடும். தண்ணீர் ஊற்றி அரைக்கவே கூடாது. எண்ணெய் மிகுந்த கடலை விழுதில் கொஞ்சம் தண்ணீர் பட்டால், அதிலுள்ள புரதமும் மாவுச்சத்தும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். மிக்சி நின்றுபோகும். இதே காரணத்தால்தான், ஜாடியில் வாங்கிய கடலை வெண்ணெயில் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டவுடன் அது சிமெண்டு மாதிரி ஆகிறது. அங்கே பயந்து நிறுத்தாமல் மேலும் வெந்நீர் விட்டுக் கலக்கினால், ஒரு கட்டத்தில் சட்டென்று இளகி வழவழப்பாகிவிடும்.

இனி விழுது. காய்ந்த மிளகாயின் விதையை உதறிவிட்டு வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, நீரை முழுவதும் பிழிந்துவிட வேண்டும். அரைக்கும் வரிசை முக்கியம். நார் மிகுந்தவை முதலில்: மெல்லிய வில்லைகளாக அரிந்த எலுமிச்சைப்புல்லும் பேரரத்தையும். பிறகு மிளகாய், பூண்டு, கடைசியில் வெங்காயம். வெங்காயத்தை முதலில் போட்டால் எல்லாம் நீர்த்துவிடும், நார் பிளேடுக்குச் சிக்காமல் நழுவும், அந்த நார் சாப்பிடும்போது தொண்டையில் தட்டும். மிக்சி ஓட மறுத்தால் தண்ணீருக்குப் பதிலாக, எடுத்து வைத்த 80 மில்லி எண்ணெயிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றுங்கள். மல்லியையும் சீரகத்தையும் லேசாக வறுத்துப் பொடித்து இந்த விழுதோடு சேர்த்துவிடலாம். ஈரமான விழுதுக்குள் இருப்பதால் பொடி கருகாது.

மீதி எண்ணெயைச் சட்டியில் ஊற்றி, மிதமான தீயில் விழுதைப் போட்டு வதக்க வேண்டும். 12 முதல் 15 நிமிடம் ஆகும். பலர் நான்காவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சாஸ் பச்சை வாடை அடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. விழுதில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதாவது அதுவரை விழுது வேகிறதே தவிர வறுபடவில்லை. ஈரம் வற்றிய பிறகுதான் நிறமும் மணமும் மாறத் தொடங்கும். கண்ணுக்கும் காதுக்கும் அடையாளங்கள் உண்டு. முதலில் தெறித்துக் குமிழியிடும். பிறகு சத்தம் தணிந்து விழுது எண்ணெயை உறிஞ்சியதுபோல் இறுகும். அடுத்து, இளஞ்சிவப்பு அடர் செங்கல் நிறமாகி, ஓரங்களில் சிவந்த எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். மூக்கில் ஏறிய வெங்காய நெடி மறைந்து இனிப்பான மணம் எழும். அதுவே நிறுத்த வேண்டிய இடம்.

எண்ணெய் அதிகம் என்று தோன்றி 80 மில்லியை 30 மில்லியாகக் குறைப்பவர்களுக்கு ஒரு சொல். விழுது எண்ணெயில் நனைந்திருந்தால்தான் சூடு எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும். குறைத்தால் அடியில் கருகும், மேலே பச்சையாக நிற்கும். முழு அளவில் வதக்கி, கடைசியில் மேலே மிதப்பதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். அந்தச் சிவந்த எண்ணெயில் சோறோ நூடுல்ஸோ பிரட்டினால் அருமையாக இருக்கும்.

புளியை 100 மில்லி வெந்நீரில் கரைத்து வடிகட்டி, பாதியை மட்டும் இப்போது ஊற்ற வேண்டும். வெல்லத்தைச் சீவிப் போட்டு, அது கரைந்ததும் 350 மில்லி தண்ணீர் சேர்த்து, கொதி வந்த பிறகு கடலைப்பொடியைத் தூவிக் கிளற வேண்டும். தீயைக் குறைத்து 20 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். கடலையின் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து அடியில் படியும் இயல்புள்ளவை என்பதால், தட்டையான மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் கடைசிப் பத்து நிமிடத்தில் போகட்டும். தளதளவென்று நெடுநேரம் கொதிக்கவிட்டால் பால் திரிந்து நெய்ப்பசை தட்டும். மலேசியாவில் தேங்காய்ப்பாலே சேர்க்காமல் தண்ணீரிலேயே நிதானமாகக் கொதிக்கவைக்கும் சாத்தே சாஸ்களும் உண்டு. கடலையின் சுவை அதில் இன்னும் தெளிவாக நிற்கும் என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் தண்ணீரை 500 மில்லியாக்குங்கள்.

உப்பையும் மீதிப் புளிக்கரைசலையும் அடுப்பை அணைப்பதற்கு முன்பு சேர்த்துச் சுவை பாருங்கள். சாஸ் வற்றும்போது உப்பும் செறிவாகும் என்பதால் தொடக்கத்திலேயே முழு உப்பையும் போட்டால் கரித்துப்போகும். புளிப்பு நேர்மாறு. நெடுநேரம் கொதித்தால் அதன் கூர்மை மழுங்கிவிடும். அதனால்தான் இரண்டு தவணை. இறக்கும்போது சாஸ் நீங்கள் விரும்பும் பதத்தைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். ஆற ஆறக் கெட்டியாகும், மறுநாள் இன்னும் கெட்டியாகும்.

கெட்டுப்போனதைச் சரிசெய்வது பற்றியும் சொல்ல வேண்டும். கடலையோ பூண்டோ கருகியதால் வந்த கசப்புக்கு மருந்தே கிடையாது. வெல்லம் கொட்டினால் இனிப்பான கசப்புதான் மிஞ்சும். அடிபிடித்துவிட்டால் சுரண்டாமல், மேலே உள்ளதை மட்டும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். காரம் மிஞ்சினால் தண்ணீரை ஊற்றாதீர்கள். மிளகாயின் காரப்பொருள் கொழுப்பில் கரைவது, நீரில் கரையாதது. பொடித்த கடலையும் தேங்காய்ப்பாலும் கூட்டினால்தான் தணியும். நீர்த்துப்போனால் சோளமாவு கரைத்து ஊற்றுவது வேண்டாம், பளபளவென்ற பசைதான் வரும். இன்னும் ஐந்து நிமிடம் வற்றவிடுங்கள், அல்லது இரண்டு கரண்டி கடலைப்பொடி சேருங்கள். எண்ணெய் முழுவதும் பிரிந்து, சாஸ் திரிதிரியாகத் தெரிந்தால் நீர் போதவில்லை என்று பொருள். இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் விட்டு வேகமாக அடித்தால் மறுபடி ஒன்றுசேரும். சாத்தேக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸில் மேலே சிவப்பு எண்ணெய் மெல்லிய படலமாக நிற்பது குறையே அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜாடிக் கடலை வெண்ணெயைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் லேபிளில் கடலையும், மிஞ்சினால் உப்பும் மட்டுமே இருக்க வேண்டும். ரொட்டியில் தடவ விற்கும் பல வகைகளில் சர்க்கரையும், எண்ணெய் பிரியாமல் இருக்க இறுகவைத்த தாவரக் கொழுப்பும் உண்டு. சாஸ் திகட்டிப்போகும். 200 கிராம் கடலைக்குப் பதிலாக 170 கிராம் கடலை வெண்ணெயும், கொரகொரப்புக்காகப் பொடித்த கடலை 30 கிராமும் போதும். வெண்ணெயைத் தனிக் கிண்ணத்தில், மொத்தத் தண்ணீரிலிருந்து எடுத்த 200 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இளக்கிய பிறகே சட்டியில் ஊற்ற வேண்டும். துகள் மிக நுண்மையாக இருப்பதால் விரைவில் கெட்டியாகும், விரைவில் அடிபிடிக்கும். தண்ணீரிலேயே எட்டு முதல் பத்து நிமிடக் கொதி போதும். தேங்காய்ப்பால் சேர்ப்பதானால் அந்த நேரத்துக்குள்ளேயே பாதியில் ஊற்றிவிடலாம்.

பயன்படுத்தும் இடத்துக்கேற்ப பதம் மாற வேண்டும் என்பதையும் குறிப்புகள் சொல்வதில்லை. சாத்தேக்குக் கரண்டியிலிருந்து கட்டியாக விழ வேண்டும். காடோ காடோவுக்கு ஊற்றினால் வழிந்து காய்கறியைப் போர்த்த வேண்டும். நூடுல்ஸுக்கு அதைவிடவும் தளர்வு தேவை. நூடுல்ஸின் மாவு நீரை இழுத்துக்கொள்வதால், சட்டியில் சரியாகத் தெரிந்த சாஸ் தட்டுக்கு வருவதற்குள் உலர்ந்து கட்டிதட்டும். நூடுல்ஸ் வேகவைத்த நீரில் ஒரு கோப்பை எடுத்து வைத்திருந்து தேவைப்படும்போது கலந்துகொள்ளலாம்.

காடோ காடோவுக்குக் காய்களை ஒன்றாகக் கொட்டி வேகவைப்பது பெரிய பிழை. பயத்தங்காய்க்கு மூன்று நிமிடம், முட்டைக்கோசுக்கு ஒரு நிமிடம், முளைப்பயறுக்கு 30 விநாடிக்குள் என்று தனித்தனியாகக் கொதிநீரில் முக்கி எடுத்து, குளிர்நீரில் போட்டு, நீர் முழுவதும் வடியவிட வேண்டும். கீரையைக் கையால் பிழிய வேண்டும். தட்டில் தேங்கும் நீர்தான் நல்ல சாஸையும் சப்பென்று ஆக்குகிறது. வேகவைத்த உருளைக்கிழங்கு, பொரித்த தௌஃபு (சோயாப்பால் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), அவித்த முட்டை, லொந்தோங் (இலையில் பொதிந்து வேகவைத்த சோற்றுக் கட்டி) சேர்ந்தால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. இந்த உணவில் இரு மரபுகள் உண்டு: கல்லில் அப்போதைக்கப்போது அரைத்துக் காய்கறியைப் பிரட்டுவது ஒன்று, காய்ச்சிய சாஸை மேலே ஊற்றுவது இன்னொன்று. குறிப்பு எதைச் சொல்கிறது என்று தெளிவாகக் குறிப்பிட்டால் வாசகர் குழம்ப மாட்டார்.

சாத்தேக்கான இறைச்சியை வேர்க்கடலை சாஸில் ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகளும் வருகின்றன. தயவுசெய்து அதை அச்சிடாதீர்கள். கடலையும் வெல்லமும் கரித்தணலில் சில நிமிடங்களில் கருகிவிடும், உள்ளே இறைச்சி வெந்திருக்காது. ஊறவைப்பது மஞ்சள், மல்லி, எலுமிச்சைப்புல், உப்பு, கொஞ்சம் சர்க்கரை கலந்த விழுதில். சாஸ் தட்டுக்கு மட்டும். பச்சை இறைச்சியில் தடவிய தூரிகையைச் சாஸ் கிண்ணத்துக்குள் விடவும் கூடாது.

நேரமில்லாதவர்களுக்கு ஜாவாவின் பெச்செல் வகை கைகொடுக்கும். பொரித்த கடலை 250 கிராம், வெல்லம் 80 கிராம், வதக்கிய மிளகாயும் பூண்டும், கெஞ்சூர் எனப்படும் கச்சோலக் கிழங்கு 5 கிராம், லீமாவ் பூருட் எனும் காட்டு எலுமிச்சை வகையின் இலை நான்கு, உப்பு, கொட்டை நீக்கிய புளி கொஞ்சம் ஆகியவற்றைத் தண்ணீரே படாமல் இடித்துக் கட்டியாக்கி வைப்பது. ஈரமில்லாததால் குளிர்பெட்டியில் சில வாரங்கள் தாங்கும். வேண்டியபோது ஒரு துண்டை வெந்நீரில் கரைத்தால் சாஸ் தயார்.

காய்ச்சிய சாஸ் அப்படியல்ல. தேங்காய்ப்பால் சேர்ந்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள், உறைபெட்டியில் இரண்டு மாதம். சூடாக்கும்போது முதலில் வெந்நீர் விட்டு இளக்கி, பிறகு சிறு தீயில் முழுக் கொதி வரும்வரை கிளற வேண்டும். நேரடியாக அடுப்பில் ஏற்றினால் அடி கருகும், நடுவில் சில்லென்று இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது சுவை சார்ந்ததல்ல. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மிகச் சிறு அளவும் உயிராபத்தை உண்டாக்கலாம். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அந்த ஆபத்து நீங்காது. சாஸில் கடலை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பதால் விருந்தினருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. விருந்தில் கிண்ணத்தின் அருகே பெயர் எழுதி வைப்பதும், அந்தக் கரண்டியை வேறு பாத்திரத்தில் போடாமல் இருப்பதும் கட்டாயம். சாப்பிட்டவுடன் உதடு வீக்கம், உடலெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல் தெரிந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கடலைத் துண்டுகள் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்குத் தனியாக வழவழப்பாக அரைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை இந்த சாஸின் குறிப்பை வெளியிடும்போது, பொருட்களின் அளவைக் கிராமில் தருவதோடு, "இதில் வேர்க்கடலை உள்ளது" என்ற வரியைப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் போடாமல் தலைப்பின் கீழேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்